நட்சத்திரம் மாட்டிய ஆணி

ரிச்சர்ட்ஸ் டவுனில் மழை வரப்போகும் மங்கல் வெளிச்சம். மௌரீன் வீட்டு வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை, மர வைத்தியர் கவியரசன் சின்ன மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே வருகிறார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாட்ட அவள் வருஷாவருஷம் ஆணி அடித்த இடத்தில், சத்தம் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கிறது. ஆணிகளைச் சுற்றிக் கறுப்பாக நீர் கசிகிறது. “இது வழியாத்தான் மேடம் நோய் உள்ள போயிருக்கு.” “வெட்டாம, மருந்து வெச்சா பொழைக்குமா?” என்று கேட்கிறாள் மௌரீன். “பொழைக்கலாம். ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் பெரிய கிளை எப்ப வேணா விழலாம். அதுக்குக் கீழ இருக்கிற ரூம்ல யாரு படுக்கிறாங்க?” பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் பெர்னார்டுக்கு மரம் தெரியட்டும் என்று அவள்தான் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். மேலே கிளை முனகுகிறது. “காத்து நல்லா வருது, மௌரீன்” என்கிறார் அவர், உள்ளேயிருந்து.