இரண்டு ஏழுகள்

"ஒரு ஏழுதானேம்மா. பதினேழுன்னு மாத்திட்டு, பழைய தேதியிலயே சேமிச்சு வை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் மேலாளர்.

விபத்தை விசாரிக்கும் அதிகாரிகள் பதினொரு மணிக்குள் கோப்பைக் கேட்டிருந்தார்கள். மணி பத்தே முக்கால்.

திரையில் நான் எழுதிய நெட்லிஸ்ட், அதாவது மின்சுற்றின் இணைப்புப் பட்டியல். படம் கிடையாது, வெறும் வரிகள். எந்தப் பாகம், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, அவ்வளவுதான். இரண்டு வரிகளில் ஒரே எண் வந்தால் கணினிக்கு அது ஒரே கம்பி.

தகடு அழுத்தும் இயந்திரத்தின் மோட்டாருக்கு ஒரு கோப்பு. அதன் பாதுகாப்புக் கதவுக்கு இன்னொன்று, வேறொருவர் எழுதியது. முதலாவதில் ஏழு, மோட்டாருக்குப் போகும் கம்பி. இரண்டாவதில் ஏழு, எந்நேரமும் மின்சாரம் இருக்கும் கம்பி.

எண்ணை மாற்றாமல் இரண்டையும் ஒட்டியவள் நான். கதவு திறந்திருந்தாலும் இனி மோட்டார் நிற்காது.

ஒட்டிய அன்று, கதவு மூடியிருப்பதாக வைத்துக் கணினியில் சிமுலேஷன் ஓட்டினோம். சரியாக வந்தது. திறந்தும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன். நாளைக்கு அனுப்ப வேண்டியதைப் போய் நோண்டாதே என்றார் இதே மனிதர்.

வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த வாய்.

அந்தக் கோப்பின்படி செய்த நாற்பது கட்டுப்பாட்டு போர்டுகள் தொழிற்சாலைகளுக்குப் போயின. சிக்கிய தகட்டை எடுக்க ஒரு ஆபரேட்டர் கதவைத் திறந்து கையை விட்டார். வலது கை, மணிக்கட்டு வரை.

இப்போது நம் கோப்பு சரியாக இருந்தால் போதுமாம். தப்பு கையை விட்டவர் மேல் போய்விடுமாம்.

மருத்துவமனையில் அந்த ஆபரேட்டரிடம் வாங்கிய வாக்குமூலத்தின் நகலை மேலாளர் என் பக்கம் தள்ளினார்.

"படிச்சுப் பாரு. கதவத் தொறந்தா மெஷின் தானா நின்னுடும்னு இவரு மக சொன்னாளாம். அவ பெரிய இன்ஜினியர் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எண்ணைத் தொடாமல், தேதியைத் தொடாமல், கோப்பை அதிகாரிகளுக்கு அனுப்பினேன். அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

தாளின் அடியில் இடது பெருவிரல் ரேகை, மை கலங்கியிருந்தது.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான். என் கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தை' என்ற இடத்தில் போடுவதற்காக, ஒரு வாரம் உட்கார்ந்து நான்தான் கற்றுக்கொடுத்தேன்.