மெயின் ஸ்விட்ச்

மெயின் ஸ்விட்ச் 'டக்'கென்று விழுந்தது. வீடு இருண்டது. ஹால் மூலையில் இரைந்துகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரும் அடங்கிப்போனது.

சோபாவில் மகனின் முகம் மட்டும் செல்போன் வெளிச்சத்தில் தெரிந்தது.

"மறுபடியும் அணைச்சுட்டீங்களாப்பா?"

"அந்த மெஷின் இரைச்சல் காதைப் பிளக்குது. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கட்டும்."

அப்பா வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்.

மருமகள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஆபீசில் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதற்கான பரீட்சையில் ஒரு தடவை தோற்றுவிட்டாள். இந்தத் தடவையும் தோற்றால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் அந்தப் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கி தினமும் சாயங்காலம் பழகினாள். அவள் பழகி முடிக்கிற நேரம் பார்த்துத்தான் பெரியவர் மெயினை இறக்குவார்.

"பொறாமைப்பா உங்களுக்கு. வீட்டுக்கு வந்தவ முன்னுக்கு வர்றாளேன்னு வயித்தெரிச்சல்."

"அணைச்சா அழிஞ்சு போறது என்னடா படிப்பு?"

"உங்ககிட்ட போய் சர்வர் பத்திப் பேசறேன் பாருங்க. நாளைக்கே யூபிஎஸ் வாங்கிட்டு வரேன், கரண்ட் போனாலும் ஓடும்."

"வாங்கிட்டு வா. அது வயரையும் பிடுங்கிப் போடறேன்."

யூபிஎஸ் வரவேயில்லை. கடைக்குப் போக மகனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மருமகள் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். போகப் போக அழுவதை விட்டாள். கரண்ட் வந்ததும், தான் செய்து வைத்ததெல்லாம் தானாகத் திரும்பி வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். வராததை மட்டும் திருத்துவாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மகன் கெஞ்சியே விட்டான்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அவளை விட்டு வைங்கப்பா."

அன்றைக்கு மெயின் இரண்டு தடவை இறங்கியது.

மருமகள் பாஸாகிவிட்டாள். ரிசல்ட் வந்த கையோடு மகன் அப்பாவின் நாற்காலி முன்னால் போய் நின்றான்.

"நீங்க என்ன குழி பறிச்சும் அவ பாஸ் பண்ணிட்டா. இப்பத் தூக்கம் வருமா உங்களுக்கு?"

"ஏங்க, மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் மருமகள். "அந்தப் பரீட்சைல எல்லாம் செஞ்சு முடிச்சதும் மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போட்டுட்டுத்தான் திருத்துவாங்க. அப்புறமும் தானா எழுந்து வேலை செய்யறதுக்குத்தான் மார்க். போன தடவை எனக்கு ஒண்ணுமே எழுந்திருக்கல."

மகன் அவள் பக்கம் திரும்பினான்.

"இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் அவன் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார்.

"போன தடவை தோத்துட்டு வந்து, இந்த ஹால்ல உக்காந்து, இதைச் சொல்லித்தானே அழுதா. நீயும் பக்கத்துலதான்டா இருந்தே."