சந்தியில் ஒரு மெழுகுதிரி

மரித்த ஆத்துமாக்கள் தினம். தீவுச்சனமெல்லாம் மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைகள் உள்ள சேமக்காலைக்குப் போக, அல்போன்சம்மா மட்டும் சந்தியில் நின்ற படைவீரர் நினைவுத்தூண் பக்கம் திரும்பினாள்.

தங்கை யூலியானா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? இது செத்த ஆமிக்காரற்ற தூண். றொமேஷுக்குக் கொளுத்திறதெண்டால் சேமக்காலைக்கு வாங்கோ."

"என்ர பிள்ளையை அங்கயே தாட்டுக் கிடக்கு?"

"அவனைப் பிடிச்சுக்கொண்டு போனது ஆரெண்டு மறந்துபோனியளே?"

"மறக்கேல்லை."

காவலுக்கு நின்ற, தமிழ் விளங்காத சிப்பாய் அவள் கையில் மெழுகுதிரியைக் கண்டு முகம் மலர்ந்து, காற்றுக்கு மறைப்பாகத் தன் தொப்பியைப் பிடித்தான். கல்லில் பொறித்த பெயர்களில் விரலை ஓட்டிய அல்போன்சம்மா, ஒன்றில் நிறுத்தினாள். அதன் கீழே மெழுகுதிரியைக் கொளுத்தி முழந்தாளிட்டாள்.

"ஆருக்கு இந்தச் செபம்?" யூலியானா கேட்டாள்.

"எங்கட வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து, 'விசாரிச்சிட்டு விடுறன் அம்மா' எண்டு றொமேஷைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கு. அண்டைக்கு அவன்ர சட்டையில குத்தியிருந்த பேர் இதுதான். பிள்ளையை எங்க தாட்டதெண்டு இவனுக்குத்தான் தெரியும். கனவிலயாவது வந்து இடத்தைச் சொன்னானெண்டால், வாற வருசம் அங்க கொண்டுபோய்க் கொளுத்துவன்."