கதவில் நிற்கிறவர்

கணினித் திரையில், சிவப்புக் காரின் கதவில் இவளுடைய கணவர் தெரிகிறார். பள்ளம் விழுந்த இடத்தில் அவர் தலை பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. பட்டறைக்கு வரும் கார்களைப் படம் எடுப்பது அவர் வேலை. பழுது பார்த்தபின் வண்டி எப்படியிருக்கும் என்று காட்ட, பள்ளத்தையும் கீறலையும், கூடவே பெயின்டில் பிரதிபலிக்கும் கணவரையும் கணினியில் அழிப்பது இவள் வேலை. ராத்திரி குறட்டை விட்டது யார் என்று காலையில் மூண்ட சண்டை இன்னும் ஆறவில்லை. அதனால் நாலு வண்டியிலிருந்து அவரைக் கொஞ்சம் அழுத்தியே துடைத்திருக்கிறாள். இந்த ஐந்தாவதில் அவர் கையில் ஏதோ காகிதம். எழுத்து தலைகீழ் அல்ல, இடவலம் மாறியிருக்கிறது. படத்தைத் திருப்புகிறாள். ஸ்டீயரிங் அந்தப் பக்கம் போக, எழுத்து நேராகிறது: "நான்தான்." சிரிப்பில் நாற்காலி கிறீச்சிடுகிறது. படத்தை மறுபடி பழையபடி திருப்பி, பள்ளத்தை அழிக்கிறாள். தலை அளவுக்கு வருகிறது. காகிதத்தையும் அழிக்கிறாள். வெறுங்கையை நீட்டிக்கொண்டு அவர் மட்டும் நிற்க, படத்தை அனுப்பிவிடுகிறாள். உடனே பட்டறைக்காரர் போனில் வருகிறார்.

"என்னம்மா, கதவுல உங்க வீட்டுக்காரர் நிக்கிறாரு?"

"பாலிஷ் அப்படி சார். முகம் பாக்கலாம்."