வான்கோழி கேட்ட அத்தாட்சி

அடைகாக்கும் மெஷினில் பொரிந்த குஞ்சுகளுக்குத் தாய் கிடையாது. பருந்தின் நிழல் விழுந்தால் ஓடி ஒளிய வேண்டும் என்றுகூட அவற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் புள்ளிக்கோழி வேலியோரம் வகுப்பு நடத்தியது. குஞ்சுகளின் பசிக்கு அக்கம்பக்கத்தில் கொஞ்சம் கம்பு கேட்டது.

வான்கோழி தன் கம்புக் குவியலை மிதித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"இப்படிக் கேட்டு வந்தவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! குஞ்சுக பேரைச் சொல்லி நீயே தின்னுட்டா?"

"ஒருநாள் வகுப்புக்கு வந்து பாருங்கண்ணே."

"நான் எதுக்கு வரணும்? நீ கூட்டிட்டு வா. களத்து நடுவுல வரிசையா நிக்கட்டும். நான் பாத்து முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் அசையக் கூடாது."

கம்பு வேண்டுமே! புள்ளிக்கோழி கூட்டி வந்தது.

வான்கோழி ஒவ்வொரு குஞ்சாக அலகைத் திறந்து பார்த்தது, இறக்கையை விரித்துப் பார்த்தது. அப்போது களத்தில் ஒரு நிழல் விழுந்தது. குஞ்சுகள் ஓடி ஒளியத் துடித்தன.

"இன்னும் முடியல, அசையாதீங்க!" என்று அதட்டியது வான்கோழி.

பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது.

வான்கோழி, வேடிக்கை பார்த்து நின்ற மற்ற கோழிகளின் பக்கம் திரும்பியது.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன். நிழல் விழுந்தா ஓடணும்னுகூட இவ சொல்லிக்கொடுக்கல, பாத்தீங்களா!"