சத்தமில்லாத ஃபிரிட்ஜ்

அரிசோனா பாலைவனத்தில், பக்கத்து டிரெய்லர் வீட்டின் ஜெனரேட்டர் உறுமியதும் லொரெய்ன் பாய்ந்து வந்தாள்.

“யோவ், நிறுத்துய்யா. ஒரு ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு இரைச்சலா?”

“ஃபிரிட்ஜைக் கேஸ் சிலிண்டர்லதான் ஓட்டிட்டிருந்தேன். தீர்ந்துபோச்சு மேடம்,” என்றான் டெல்பர்ட்.

“கேஸா? வெடிச்சுச் சாகவா? எங்க டிரெய்லர்ல அதைத் தொடவே விடமாட்டேன். எல்லாம் சோலார் பேட்டரிதான். எங்க ஃபிரிட்ஜ் சத்தம் கேக்குதா உனக்கு?”

“கேக்கல.”

“நக்கலா?” அவளே ஜெனரேட்டரை அணைத்தாள்.

டெல்பர்ட் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான்.

“உங்க பேட்டரி காலையிலேயே செத்துப்போச்சு. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு, உங்க வீட்டுக்காரர் இதை எங்க ஃபிரிட்ஜுல வச்சுட்டுப் போனார். இந்தாங்க, வெயில்ல வச்சிராதீங்க. உங்க இன்சுலின்.”