தூபக்கலசமும் வெள்ளைப் பெயிண்டும்

தூபக்கலசத்தைக் கையில் பிடித்தபடி முழந்தாளில் நின்றுகொண்டிருந்தார் கோயில்பிள்ளை சகாயம். கோயிலில் அல்ல, கார் ஷெட்டில். கங்கு கனன்றது, சாம்பிராணி மட்டும் போடவில்லை.

"பைய, பைய! பெயிண்ட் பத்திக்கிரப் போவுது" என்று பதறினாள் மனைவி ஞானஜோதி.

"பின்ன இந்த மஞ்சுல எப்பிடிக் காயும்? சாயங்காலம் சாமி வந்திருவாருல்ல!"

எஸ்டேட்டில் நாலைந்து நாளாக மூடுபனி; வெயில் எட்டிப் பார்க்கவில்லை. காரில் அடித்த பெயிண்ட் காயாவிட்டால் குடியிருக்க வீடில்லை. 'என் வண்டியத் தொட்டா அன்னைக்கே கோயில் வீட்டக் காலி பண்ணிரணும்' என்று பங்குக்குப் பாதிரியாராக வந்த அன்றே சொல்லிவிட்டார் சுவக்கீன் சாமியார். அடுத்த மாதம் அந்த வீட்டு வாசலில்தான் மகள் டின்சியின் கல்யாணப் பந்தல்.

அந்தக் கல்யாணத்தால் வந்த வினைதான் இதுவும். சாமியார் பஸ் ஏறித் தியானத்துக்குப் போய்விட்டார். புருஷனும் பொண்டாட்டியும் நேற்று வெளிச்சம் மங்கியதும் அவர் காரைக் கிளப்பி, காந்தலூர் மாப்பிள்ளை வீட்டுக்கு மஞ்சோடு போய் மஞ்சோடு திரும்பினார்கள். ஷெட்டுக்குள் விடும்போது முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால், ஐயோ, முன் பம்பர் ஒரு ஓரம் உள்வாங்கிப் பிளந்து கிடந்தது!

"நீதான, 'பஸ்ல போயி இறங்குனா மதிப்பாங்களா'ன்ன?"

"போகத்தான் சொன்னேன். இடிக்கவா சொன்னேன்?"

மூணாறு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் எல்லா வைத்தியமும் ஷெட்டிலேயே நடந்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உள்ளே கைவிட்டுத் தள்ளிப் பள்ளத்தை எடுத்தார். பிளவில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மேலே வெள்ளை ஸ்பிரே அடித்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன.

"மூஞ்சிய ஏன் செவுத்துப் பக்கமா விட்டீங்க? ரிவர்ஸ்ல விட்டிருந்தா இடிச்சிருக்குமா?" ஞானஜோதி விடவில்லை.

"சாமி அப்பிடித்தான நிப்பாட்டிட்டுப் போனாரு! மாத்தி நிப்பாட்டுனா கண்டுபிடிச்சிர மாட்டாரா?"

அதுவும் நிஜம்தான். சாகக்கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலுக்கு ஆள் கூப்பிட வந்தால் ஒரே மிதியில் கிளம்ப வேண்டும் என்று எப்போதும் ரோட்டைப் பார்த்தே நிறுத்துகிறவர், இந்தத் தடவை என்ன அவசரமோ, வண்டியின் மூக்கைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

கேட் கிரீச்சிட்டது. சகாயம் தூபக்கலசத்தை டயருக்குப் பின்னால் தள்ளுவதற்குள், தோள்பையைக்கூட இறக்காமல் சாமியார் நேரே ஷெட்டுக்குள் வந்துவிட்டார்.

குனிந்தார். பம்பரைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"இது... யாரு பார்த்த வேலை?" குரல் நடுங்கியது. எவ்வளவு கோபம் இருந்தால் இப்படி நடுங்கும்!

சொல்லாதே என்று ஞானஜோதி கண்ணைக் காட்டினாள். ஆனால் பூசைக்கு மணியடிக்கிற மனுஷனுக்குச் சாமியார் முகத்தைப் பார்த்துப் பொய் வருமா? பொத்தென்று காலில் விழுந்துவிட்டார்.

"பம்பர ஒடச்சது நான்தான் சாமி! மன்னிச்சிருங்க. என் மக கல்யாணம் முடியிற வரைக்குமாவது வீட்டுல இருக்க விடுங்க!"

சாமியார் பம்பரைப் பார்த்தார். சகாயத்தைப் பார்த்தார். சாமியாரின் காது இரண்டும் சிவந்துபோயின. டயருக்குப் பின்னால் கரி படபடவென்று பொரிந்தது.

"அத ஒடச்சது நான்லா சகாயம்... நீ எப்ப வண்டிய எடுத்த?"